எதற்குப் பிறகு எது

வருஷம் தவறாமல் மே மாதம் வந்தால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சீட்டுகள் விரிந்துவிடும். பழைய கல்யாணப் பத்திரிகைகளை நறுக்கிச் செய்த சீட்டுகள். அச்சில்லாத பக்கத்தில் மேலே ஒரு பாடத்தின் பெயர். அதன் கீழே நீல மையில் ஒரு வரி: இதைத் தொடங்க என்ன தெரிந்திருக்க வேண்டும். சிவப்பு மையில் இன்னொரு வரி: முடித்தால் கையில் என்ன மிஞ்சும். எட்டு செமஸ்டருக்கு எட்டு வரிசை. “ஆரம்பிச்சாச்சா உங்க ரம்மி?” என்று கேட்டுக்கொண்டே மனைவி சாப்பாட்டுத் தட்டைக் கூடத்துக்கு எடுத்துப் போய்விடுவாள்.

ஆறு வருஷம் ஆலையில் ஷிப்ட் பார்த்துவிட்டு, இருபத்து நாலு வருஷமாக கெமிக்கல் இன்ஜினீயரிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். எங்களுடையது தன்னாட்சிக் கல்லூரி. சிலபஸை நாங்களே போட்டுக்கொள்ளலாம். போர்டு ஆஃப் ஸ்டடீஸ் கூட்டத்துக்கு முன்னால் அந்த வேலை என் தலையில் விழும், நானும் ஆசையாகவே வாங்கிக்கொள்வேன். பாடங்களைப் பொறுக்குவதில் பெரிய சாமர்த்தியம் எதுவும் வேண்டியதில்லை. எந்த ஊர் சிலபஸைப் பிரித்தாலும் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ், ஹீட் டிரான்ஸ்ஃபர், மாஸ் டிரான்ஸ்ஃபர், தெர்மோடைனமிக்ஸ், ரியாக்‌ஷன் இன்ஜினீயரிங், பிராசஸ் கன்ட்ரோல் என்று அதே முகங்கள்தான். எது முன்னால், எது பின்னால், எதற்கும் எதற்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதில்தான் கைவேலை இருக்கிறது.

இடமும் குறைவு. ஏ.ஐ.சி.டி.ஈ. 2018-இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம் நாலு வருஷத்துக்கும் சேர்த்து 160 கிரெடிட் என்று வரப்பு கட்டியது. வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு ஒரு கிரெடிட். லேப் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. அந்த 160-க்குள் கணக்கு, இயற்பியல், வேதியியல், ஆங்கிலம், கம்ப்யூட்டர், ப்ராஜெக்ட் எல்லாம் அடங்க வேண்டும். கூட்டத்தில் புதிதாக ஒன்றைச் சேர்க்கச் சொல்ல ஆள் உண்டு. பைத்தான் வேண்டும், டேட்டா சயின்ஸ் வேண்டும், ஹைட்ரஜன் வேண்டும், பேட்டரி வேண்டும். எல்லாம் நியாயமான ஆசைதான். அதற்காக எதை எடுக்கலாம் என்று கேட்டதும் எல்லாருக்கும் காபி ஞாபகம் வந்துவிடும்.

இந்தத் துறை பிறந்த கதையைச் சீட்டு அடுக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சோடா உப்புக்காரர் சோடா உப்பைப் படித்தார், சோப்புக்காரர் சோப்பைப் படித்தார், சாயக்காரர் சாயத்தைப் படித்தார். இங்கிலாந்தில் சோடா ஆலைகளைச் சோதிக்கும் ஆய்வாளராக இருந்த ஜார்ஜ் டேவிஸ் ஆலை ஆலையாக ஏறி இறங்கினார். எங்கே போனாலும் காய்ச்சுகிறார்கள், வடிகட்டுகிறார்கள், அரைக்கிறார்கள், உலர்த்துகிறார்கள். பொருள்தான் வேறு, வேலை ஒன்று. அதை வைத்து 1887-இல் மான்செஸ்டரில் தொடர் சொற்பொழிவு ஆற்றினார். அடுத்த வருஷமே அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் லூயிஸ் நார்ட்டன் இதைப் பட்டப்படிப்பாகத் தொடங்கினார். இந்தப் பொது வேலைகளுக்கு ‘யூனிட் ஆபரேஷன்ஸ்’ என்று 1915-இல் பெயர் வைத்தவர் ஆர்தர் டி. லிட்டில். நம் பக்கத்துக்கு இந்தப் படிப்பு வந்ததில் அழகப்பச் செட்டியாரின் கொடைக்குப் பங்கு உண்டு. கிண்டியில் 1944-இல் அவர் பெயரில் எழுந்த ஏ.சி. டெக் இன்றும் நிற்கிறது. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அமைய நிலமும் பணமும் கொடுத்தவரும் அவரே.

பிறகு 1960-இல் விஸ்கான்சின் பேராசிரியர்கள் பேர்ட், ஸ்டூவர்ட், லைட்ஃபுட் மூவரும் ‘டிரான்ஸ்போர்ட் ஃபினாமினா’ எழுதினார்கள். நீர் ஓடுவது, சூடு பரவுவது, ஒரு பொருள் இன்னொன்றுக்குள் கலப்பது மூன்றுக்கும் சமன்பாட்டு முகம் ஒன்றே என்று காட்டிய புத்தகம். அன்றிலிருந்து சிலபஸ் போடுகிறவர்களிடையே ஓயாத வழக்கு ஒன்று உண்டு. சமன்பாட்டை முதலில் சொல்லிவிட்டுப் பம்புக்கு வருவதா, பம்பைக் காட்டிவிட்டுச் சமன்பாட்டுக்குப் போவதா? நான் பம்பு கட்சி. பம்பைக் கழற்றிப் பார்க்காத பையனுக்கு நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடு வெறும் எழுத்துக் கூட்டம். பரீட்சை எழுதிய மறுநாள் கழன்றுவிடும். கணிதத்தில் நல்ல பிடி உள்ள வகுப்புக்கு மற்றக் கட்சி சரிப்படலாம். என் வகுப்பு எனக்குத் தெரியும்.

அட்மிஷன் நாளன்று பிள்ளைகளிடம் நான் கேட்கும் கேள்வி, ஏன் கெமிக்கல்? “கெமிஸ்ட்ரி பிடிக்கும் சார்” என்பார்கள் பாதிப் பேர். பக்கத்தில் அப்பா பெருமையாகத் தலையாட்டுவார். அந்த நேரத்தில் மனசு கஷ்டப்படத்தான் செய்யும், ஆனாலும் சொல்லிவிடுவேன்: கவுன்சலிங் கட்-ஆஃப் 200-இல் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. நாலு வருஷப் படிப்பும் கிட்டத்தட்ட அந்த விகிதத்தில்தான் இருக்கும். லேபில் ஒரு பீக்கரில் பத்து கிராம் செய்து காட்டுவது வேதியியல்காரர் வேலை. அதையே மணிக்குப் பத்து டன்னாகச் செய்யச் சொன்னால் எங்களிடம் வருவார்கள். பாத்திரத்தின் நீள அகல உயரத்தைப் பத்து மடங்காக்கினால் சூடு ஏறும் பரப்பு நூறு மடங்காகும். உள்ளே இருக்கும் சரக்கோ ஆயிரம் மடங்கு. பீக்கரில் சாதுவாகக் கொதித்தது தொட்டியில் சூட்டை வெளியே விடத் தெரியாமல் திணறும். ரெண்டு பேருக்கு வைத்த சாம்பாரை நூறால் பெருக்கிக் கல்யாணச் சாம்பார் வைக்க முடியாது என்று சொன்னால் அப்பாவுக்கும் புரிந்துவிடும். “வேலை கிடைக்குமா சார்?” என்று அடுத்ததைக் கேட்பார். கிடைக்கும், சென்னையை விட்டு வெளியே போகத் தயாராக இருந்தால், என்பேன். மேட்டூர், தூத்துக்குடி, புகளூர், நெய்வேலி என்று ஊர்ப் பெயர்களை அடுக்கினால் சில அம்மாக்களின் முகம் சுருங்கும்.

முதல் வருஷத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாப் பிரிவுக்கும் பொது. டிஃபரன்ஷியல் ஈக்வேஷனைக் கெட்டியாகப் பிடித்துக்கொள், மற்றதைப் பாஸ் பண்ணிவிடு என்பதுதான் நான் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வது.

மூன்றாம் செமஸ்டரில் ‘பிராசஸ் கால்குலேஷன்ஸ்’ என்று ஒரு பாடம் வரும். என் சீட்டுக்கட்டில் அதுதான் நடுச்சீட்டு. மற்ற எல்லாவற்றையும் அதைச் சுற்றித்தான் அடுக்குவேன். முதல் நாள் முதல் மணியில் கரும்பலகையில் ஒரே ஒரு கணக்கு எழுதுவேன். 100 கிலோ கருப்பஞ்சாறு. அதில் கரைந்திருக்கும் சர்க்கரை 15 சதவீதம். அதைக் காய்ச்சி 60 சதவீதப் பாகாக்க வேண்டும். எவ்வளவு தண்ணீரை ஓட்ட வேண்டும்?

“45 சார்!” வருஷா வருஷம் முதலில் வரும் விடை இதுதான். 60-இல் 15 போனால் 45.

“சர்க்கரை எங்கேயாவது ஆவியாச்சா?”

“இல்ல சார்.”

“அப்போ காய்ச்சின பிறகு எவ்வளவு இருக்கும்?”

“15 கிலோ.”

“அந்த 15 கிலோ, பாகில் 60 சதவீதம்னா பாகு மொத்தம் எவ்வளவு?”

இங்கே வகுப்பு அமைதியாகும். பின்பெஞ்சில் யாராவது ஒருத்தி மெல்ல, “25… அப்போ 75 கிலோ தண்ணி போகணும்” என்பாள். நூறில் எழுபத்தைந்து! பாதிக்கும் குறைவு என்று நினைத்தது முக்கால்வாசியாகி நிற்கிறது. மாறாமல் நிற்பது எது என்று தேடிப் பிடித்து, அதன் தோளில் கை வைத்துக்கொண்டு மற்றதைக் கணக்குப் போடுவதுதான் இந்தத் தொழில். அந்தப் பத்து நொடி அமைதிக்காகத்தான் அந்தப் பாடத்துக்கு 4 கிரெடிட்டுக்குக் குறையக் கூடாது என்று கூட்டத்தில் சண்டை பிடிக்கிறேன்.

அந்தக் கணக்கை அழிக்க விடமாட்டேன். ஆளுக்கொரு 200 பக்க நோட்டு வாங்கச் சொல்லி முதல் பக்கத்தில் அதை எழுத வைப்பேன். பிள்ளைகள் அதற்கு ‘கருப்பஞ்சாறு நோட்டு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கடைசி செமஸ்டர்வரை நோட்டு கூடவே வரும். நாலாம் செமஸ்டரில் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்: தண்ணீர் போலிருந்த சாறு பாகாகும்போது அதே குழாயில் தள்ள எவ்வளவு கூடுதல் சக்தி வேண்டும்? அடுத்து சூடு: 100 டிகிரியில் ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,257 கிலோ ஜூல் ஆகும், 75 கிலோவுக்கு அது எங்கிருந்து வரும்? முதல் பாத்திரத்து ஆவியைக் கொண்டே இரண்டாவதைக் கொதிக்க வைக்கலாமே என்று 1840-களில் அமெரிக்கக் கரும்புத் தோட்டப் பக்கத்தில் நார்பர்ட் ரில்லியூ செய்து காட்டினார். மூன்று பாத்திரம் வரிசையாக வைத்தால் சுமார் மூன்றில் ஒரு பங்கு நீராவி போதும். ஆனால் அடுத்த பாத்திரம் குறைந்த சூட்டில் கொதிக்க வேண்டுமானால் அங்கே அழுத்தம் குறைய வேண்டும். அது ஏன் என்று கேட்டால் தெர்மோடைனமிக்ஸ் வாசலில் வந்து நிற்கிறோம். பாகு, தண்ணீரைவிடச் சற்று அதிகச் சூட்டில்தான் கொதிக்கும் என்பதும் அந்த வீட்டுச் சங்கதிதான். சூட்டில், புளிப்பு ஏறிய சாற்றைத் தேங்கவிட்டால் சர்க்கரை உடைந்து குளுக்கோஸும் ஃபிரக்டோஸுமாகும். எவ்வளவு நேரம், எவ்வளவு சூடு, எவ்வளவு சுண்ணாம்பு என்பது ரியாக்‌ஷன் இன்ஜினீயரிங். கடைசியில் நாலாவதாக ஒரு பாத்திரம் வாங்கினால் மிச்சமாகும் நீராவி அதன் விலைக்கு ஈடு கட்டுமா? இது எட்டாம் செமஸ்டர். ஆக ஒரே சாறு. பாடம் மாற மாற அது வேறு வேறு கேள்வியாகிறது.

இந்த வரிசையை நானே ஒரு தடவை குலைத்திருக்கிறேன். முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில் தெர்மோ எடுக்கும் ஆசிரியை பிரசவ விடுப்பில் போனார். பதில் ஆள் கிடைக்கவில்லை. தெர்மோவை ஆறாம் செமஸ்டருக்குத் தள்ளிவிட்டு மாஸ் டிரான்ஸ்ஃபரை ஐந்தாம் செமஸ்டரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றது நிர்வாகம். “ஒரு வருஷம்தானே” என்று நானும் தலையாட்டிவிட்டேன்.

காய்ச்சி வடித்தலுக்கு வரைபடத்தாளில் போடும் ஒரு முறை உண்டு. மெக்கேப், தீல் இருவரும் 1925-இல் வெளியிட்டது. மூலைவிட்டத்துக்கு மேலே வில்லாக ஒரு கோடு. ஆவியும் திரவமும் சமநிலையில் எப்படிப் பங்கு போட்டுக்கொள்ளும் என்று காட்டுவது. அதற்குக் கீழே நேர்கோடுகள். இரண்டுக்கும் நடுவே பென்சிலைக் கூராகச் சீவிக்கொண்டு படி படியாக இறங்கி வந்தால், எத்தனை படி வந்ததோ கோபுரத்துக்குள் அத்தனை தட்டு வேண்டும் என்று கணக்கு. அந்த வருஷப் பிள்ளைகள் மார்கழி மாசத்துப் படிக்கோலம் மாதிரி அவ்வளவு அழகாகப் போட்டார்கள். எனக்கும் பெருமை. ஒருநாள் பென்சீன்-டொலுயீனை விட்டுவிட்டு ஆல்கஹால்-தண்ணீர் கணக்கு கொடுத்தேன். ஒருவன் வில்லை மறுபடியும் அதே வடிவத்தில் வரைந்து, விறுவிறுவென்று படி ஏறி, 99.9 சதவீத ஆல்கஹாலை எடுத்துவிட்டான். நடக்காத காரியம். எடைக்கணக்கில் 95.6 சதவீதத்தில் அந்த வில் மூலைவிட்டத்தைத் தொட்டுவிடும். ஆவியும் திரவமும் ஒரே கலவையாகிவிடும். அதற்கு மேல் எத்தனை தட்டு வைத்தாலும் ஓரடி நகராது. பெட்ரோலில் கலக்கும் ஆல்கஹாலுக்காக வடிசாலைகளில் மூலக்கூறு சல்லடை வைத்துத் தண்ணீரை உறிஞ்சுவதே இதனால்தான். அந்த வில் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெர்மோ சொல்லியிருக்க வேண்டும். சொல்லாத வரைக்கும் அவனுக்கு அது ஆசிரியர் கொடுத்த கோடு, அவ்வளவே. அந்த செட் பிள்ளைகளை இப்போதும் எங்காவது பார்த்தால் ஒரு குறுகுறுப்பு இருக்கத்தான் செய்கிறது.

வரிசை சரியாக இருந்தும் பாடங்கள் ஒன்றோடொன்று பேசாமல் போவது உண்டு. அதற்கு நானே சாட்சி. வேலையில் சேர்ந்து நாலாவது மாசம், இரவு ஷிப்ட். கொதிகலனுக்குத் திரும்பிப் போகும் வெந்நீர்ப் பம்பு திடீரென்று கூழாங்கல்லை மென்றதுபோல் சத்தம் போட ஆரம்பித்தது. பேரிங் போச்சு என்று முடிவு கட்டி, பம்பை நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடச் சொன்னேன். பக்கத்தில் இருந்த ஆபரேட்டர் என் அப்பா வயசுக்காரர். பம்பு உடம்பில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

“தம்பி, பேரிங்கு நல்லாத்தான் இருக்கு. உள்ள தண்ணி கொதிக்குது.”

“பம்புக்குள்ளயா அண்ணே? அடுப்பா வெச்சிருக்கு?”

“உறிஞ்சுற பக்கத்து வலையக் கழத்திப் பாப்போம், வாங்க.”

வலை முழுக்கத் துருப் படலமும் சேறும். சுத்தம் செய்து மாட்டினோம். சத்தம் நின்றுவிட்டது. விடியற்காலையில் கேன்டீனில் உட்கார்ந்து டீ டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 டிகிரித் தண்ணீர் என்றால் காற்றழுத்தம் பத்து மீட்டர் உயரத்துக்குக் கிட்டத்தட்ட முழுசாகத் துணை நிற்கும். 95 டிகிரியில் தண்ணீரின் ஆவியழுத்தம் 84 கிலோ பாஸ்கலைத் தாண்டிவிடும். மிஞ்சுவது இரண்டு மீட்டருக்கும் குறைவு. அடைத்த வலை அதைத் தின்றுவிட்டால் உறிஞ்சும் வாயிலேயே நீர் குமிழியாகிக் கொதிக்கும், அந்தக் குமிழிகள் உள்ளே போய் அழுத்தத்தில் நொறுங்கும். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் என்.பி.எஸ்.எச். என்ற தலைப்பில் இதற்கு நான் பதினாறு மதிப்பெண் வாங்கியிருந்தேன். ஆவியழுத்தத்துக்குத் தெர்மோவில் வாங்கியிருந்தேன். இரண்டும் என் தலைக்குள் வேறு வேறு அலமாரியில் கிடந்தன. இப்போது இரண்டு சீட்டையும் ஒரே செமஸ்டரில் பக்கத்துப் பக்கத்தில் வைக்கிறேன். ஃப்ளூயிட் லேபில் வெந்நீரை ஊற்றி, வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி, அந்தக் கூழாங்கல் சத்தத்தைப் பிள்ளைகள் காதால் கேட்டுவிட வேண்டும் என்பது லேப் சிலபஸில் நான் எழுதி வைத்த வரி.

“மெட்டீரியல் ஸ்ட்ரெங்த் எல்லாம் கெமிக்கலுக்கு எதுக்கு சார்? அந்த மூணு கிரெடிட்டைக் கொடுங்க” என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் கேட்பார். இளைஞர்தான் கேட்பார். நான் ஃப்ளிக்ஸ்பரோ கதையைச் சொல்வேன். இங்கிலாந்து, 1974 ஜூன் 1. ஆறு ரியாக்டர் வரிசையில் ஐந்தாவதில் விரிசல். அதைக் கழற்றிவிட்டு நாலாவதையும் ஆறாவதையும் தற்காலிகமாக ஒரு வளைந்த குழாயால் இணைத்தார்கள். குழாய்க்கு வரைபடம் ஒர்க்‌ஷாப் தரையில் சாக்பீஸால் போட்டது. தகுதியுள்ள மெக்கானிக்கல் இன்ஜினீயர் அப்போது அங்கே இல்லை. இருந்தவர்களுக்கோ தங்களுக்குத் தெரியாதது எது என்றே தெரியவில்லை. குழாய் பிய்த்துக்கொண்டு, சைக்ளோஹெக்சேன் மேகமாகப் பரவி வெடித்ததில் 28 பேர் போனார்கள். அந்தச் சீட்டை யாரும் தொடுவதில்லை, இதுவரை.

பாதுகாப்பு என்ற பாடத்தைப் பல இடங்களில் ஏழாம் செமஸ்டரில், பிளேஸ்மென்ட் அலைச்சலுக்கு நடுவே ஒரு எலெக்டிவாக வைத்திருப்பார்கள். எனக்கு அதில் ஒப்புதல் கிடையாது. போபாலை நான் மூன்று தடவை வைக்கிறேன். முதல் வருஷத்தில் கதையாக: 1984 டிசம்பர் 2 இரவு, மீத்தைல் ஐசோசயனேட் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது, குளிர்சாதனம் ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தது, வாயுவை எரிக்கும் கோபுரத்தின் குழாய் கழற்றப்பட்டுக் கிடந்தது. ஆறாம் செமஸ்டரில் கணக்காக: 40 டன்னுக்கு மேல் சரக்கு, சூடு உமிழும் வினை, சூடு ஏற ஏற வினை வேகம் எப்படி ஏறும்? கடைசி வருஷத்தில் வடிவமைப்பாக. அந்த ஆலை விற்ற பூச்சிமருந்து கார்பரில். மூலப்பொருள்கள் மூன்று: மீத்தைலமீன், ஃபாஸ்ஜீன், நாஃப்தால். முதல் இரண்டையும் முதலில் சேர்த்தால் மீத்தைல் ஐசோசயனேட் பிறக்கும். அதனோடு நாஃப்தால் சேர்ந்தால் கார்பரில். அதையே மாற்றி, நாஃப்தாலையும் ஃபாஸ்ஜீனையும் முதலில் சேர்த்து, மீத்தைலமீனைப் பிறகு விட்டாலும் அதே கார்பரில்தான் வரும். நடுவில் அந்த நஞ்சு பிறக்கவே பிறக்காது. அதே மூன்று பொருள், அதே சரக்கு. இதைப் பலகையில் எழுதி முடித்ததும் நான் சாக்பீஸை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பேன். பிள்ளைகளும் பேசமாட்டார்கள்.

கடைசி வருஷ டிசைன் ப்ராஜெக்டைத்தான் மேஜையில் நான் முதலில் வைப்பேன். இந்த வேலையைச் செய்ய ஒருவனுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று அங்கிருந்து பின்னோக்கி நடந்தால்தான் மற்றச் சீட்டுகளுக்கு இடம் தெரியும். கம்ப்யூட்டர் சிமுலேஷனை ஆறாம் செமஸ்டருக்கு முன் திறக்க விடுவதில்லை என்பதில் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. விலை கொடுத்து லைசென்ஸ் வாங்க முடியாத கல்லூரிகளுக்கு டி.டபிள்யூ.சிம் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, ஐ.ஐ.டி. பம்பாயின் ஃபாஸி குழு அதை ஊர் ஊராகக் கொண்டுபோயிருக்கிறது. நல்ல காரியம். ஆனால் 75 கிலோவைக் கையால் போடாதவனுக்குத் திரையில் 45 என்று வந்தாலும் உறைக்காது.

மாணவர் கையில் இருக்கும் திட்டம் இதைவிடச் சின்னது. அரியர் விழுந்தால் எது விழுகிறது என்று பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் விழுந்தால் பரவாயில்லை, பிராசஸ் கால்குலேஷன்ஸில் விழுந்தால் அந்த விடுமுறையிலேயே எழுந்துவிட வேண்டும். அது ஐந்து பாடங்களைக் கூட இழுக்கும். கேட் தேர்வை 2021-இலிருந்து மூன்றாம் வருஷத்திலேயே எழுதலாம் என்றாகிவிட்டது. எழுதட்டும், எது நிற்கிறது எது ஓடிவிட்டது என்று தெரியும். இன்பிளான்ட் டிரெய்னிங்குக்கு ஆலை ஓடும் நேரமாகப் பார்த்துப் போக எல்லாரும் ஆசைப்படுவார்கள். நான் அரவை முடிந்து சர்க்கரை ஆலையைப் பிரித்துப் போட்டிருக்கும் கோடையில் அனுப்புவேன். ஓடும் ஆலையில் வெளியே நின்று பெயின்ட் அடித்த உருளையைத்தான் பார்க்கலாம். நிறுத்திய ஆலையில் மூடியைத் திறந்து வைத்திருப்பார்கள். ஃபிட்டர் டார்ச் அடித்து உள்ளே குழாய்களில் ஒட்டிய படிவத்தைக் காட்டுவார். ‘ஃபவுலிங்’ என்று ஹீட் டிரான்ஸ்ஃபர் புத்தகத்தில் ஒரு சின்ன எண்ணாகக் கிடப்பதை நகத்தால் சுரண்டிப் பார்த்த பையன் அதை மறக்கமாட்டான்.

இந்த வருஷம் மேஜையில் ஒரு சீட்டு இடம் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தது. தூத்துக்குடி உப்பளப் பயணம். முன்பெல்லாம் ஐந்தாம் செமஸ்டரில், படிகமாக்கல் பாடத்தோடு போவோம். மூன்றாம் செமஸ்டர் முதல் வாரத்துக்கு இழுத்துவிட்டேன். பாடம் எதுவும் தெரியாமல் போய் என்ன பார்ப்பார்கள் என்று சக ஆசிரியர்கள் கேட்டார்கள். நானும் தயங்கிக்கொண்டுதான் கூட்டிப்போனேன்.

ஜூலை வெயில். பாத்தி பாத்தியாகக் கடல்நீர் நகர்ந்து வந்துகொண்டிருந்தது. கன அளவில் பத்தில் ஒன்றாகச் சுருங்கிய பிறகே சாப்பாட்டு உப்பு படியத் தொடங்கும். அதற்கு முன்பே ஜிப்சம் இறங்கிவிடும். கசக்கும் மெக்னீசிய உப்புகள் கடைசிவரை தண்ணீரிலேயே நிற்கும். இதை நான் இன்னும் சொல்லவில்லை. நீரின் அடர்த்தியைக் காட்டும் அளவுகோல் மிதவையை வாங்கி ஒரு மாணவி பாத்தி நீரில் விட்டுப் பார்த்தாள். இருபத்திரண்டு காட்டியது.

“இத அடுத்த பாத்திக்குத் திறந்து விடலாமா தாத்தா?”

தலையில் துண்டு கட்டிய பெரியவர் மிதவையைக் குனிந்து பார்த்தார். “இன்னும் ரெண்டு, மூணு டிகிரி ஏறணும் தாயி. இப்பத் திறந்தா ஜிப்சமும் உப்பும் ஒண்ணாக் கெடக்கும். பொறவு பிரிக்க ஏலாது.”

அவள் தோள்பையிலிருந்து புது நோட்டை எடுத்தாள். கருப்பஞ்சாற்றுக்கு என்று விட்டிருந்த முதல் பக்கத்தைத் தள்ளி, இரண்டாம் பக்கத்தில் 22 என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.